பத்து விரல், முப்பது படம், நாற்பது பக்கம்: ‘பிறவித் திறன்’ சொல்லும் விரல்ரேகைச் சோதனைக்குப் பணம் கட்டலாமா?

பெரம்பூர், கொளத்தூர், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இந்த நோட்டீஸ் ஒருமுறையாவது வந்திருக்கும். டியூஷன் வாசலில் கொடுப்பார்கள்; பள்ளி ஆண்டு விழாவில் ஓரமாக ஒரு மேசை போட்டிருப்பார்கள். ‘உங்கள் குழந்தையின் பிறவித் திறனை விரல்ரேகை சொல்லும்.’ டி.எம்.ஐ.டி. (Dermatoglyphics Multiple Intelligence Test, ரேகையை வைத்துப் பலவகை அறிவை அளப்பதாகச் சொல்லும் சோதனை) என்று பெயர். கட்டணம் சில ஆயிரம் ரூபாய்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தச் சேவைக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ரேகைக்கு இல்லை. ரேகை எடுத்த பிறகு பெற்றோரையும் பிள்ளையையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசுகிறார்கள், அதற்கு. எந்த மையத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. பெயர்ப்பலகை மாறினாலும் செய்முறை ஒன்றுதான் என்பதால், குறையும் எல்லோருக்கும் பொது.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். கம்ப்யூட்டரில் செருகிய சின்ன ஸ்கேனரில் ஒவ்வொரு விரலையும் மூன்று முறை வைக்கச் சொல்வார்கள்: நடுவில் ஒன்று, இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. பத்து விரலுக்கு முப்பது படம். பிறகு உள்ளங்கையைப் படம் எடுப்பார்கள். சில நாள் கழித்து முப்பது, நாற்பது பக்கத்துக்குக் கலர் அறிக்கை வரும். அதில் எட்டு வகை அறிவுக்குச் சதவீதம், இடது மூளையா வலது மூளையா என்று ஒரு படம், கண்ணால் கற்பவனா காதால் கற்பவனா என்று ஒரு பட்டை, கழுகு, மயில், புறா, ஆந்தை என்று குணத்துக்கு ஒரு பறவை, கடைசியில் எந்த குரூப் எடுக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்ற பட்டியல்.

இதில் ரேகை எண்ணும் வேலை மட்டும் நிஜமான வேலை. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாச் சதவீதமும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

விரல் நுனியில் மூன்று வடிவம் உண்டு. கொண்டை ஊசி மாதிரி ஒரு பக்கமிருந்து வந்து அதே பக்கம் திரும்பினால் லூப். நடுவில் சுற்றிக்கொண்டால் சுழி. ஒரு பக்கம் நுழைந்து லேசாக மேடேறி மறுபக்கம் போய்விட்டால் ஆர்ச். லூப்தான் அதிகம், ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது விரலில் அதுதான். ஆர்ச் ஐந்தைச் சுற்றி. லூப்பில் நடுப்புள்ளி ஒன்று, மூன்று திசை வரிகள் சந்திக்கும் முக்கோணப் புள்ளி ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, கோட்டைக் குறுக்கே வெட்டும் வரிகளை எண்ண வேண்டும். சுழியில் முக்கோணப் புள்ளி இரண்டு இருக்கும். இரண்டு எண்ணிக்கையில் பெரியதை எடுப்பார்கள். சாதாரண ஆர்ச்சில் முக்கோணப் புள்ளியே கிடையாது, ஆகவே எண்ணிக்கை பூஜ்யம். பத்து விரலையும் கூட்டினால் மொத்த ரேகை எண்ணிக்கை. இதுவரை எல்லாம் சரி; மானுடவியல் ஆய்வகங்களிலும் இப்படித்தான் எண்ணுவார்கள்.

அடுத்த படியில்தான் பிசகுகிறது. ஒரு விரலின் எண்ணிக்கையை மொத்தத்தால் வகுத்து, அதை ஒரு திறனின் சதவீதம் என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வலது ஆள்காட்டி விரலில் 18 வரிகள். ஒருவனுக்கு மொத்தம் 180, அடுத்தவனுக்கு 120. முதலாமவனுக்கு அந்தத் திறன் 10 சதவீதம், இரண்டாமவனுக்கு 15. அந்த விரலில் இருவருக்கும் ஒரு வரி கூட வித்தியாசம் இல்லை. மற்ற ஒன்பது விரல்தான் மாறியது. மொத்தம் நூறாகத்தான் வர வேண்டும் என்பதால் எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளை என்று இந்த முறையில் யாருமே வர முடியாது. ஏதோ ஒன்று கடைசியில் நின்றே தீரும், அது கணக்காகவும் இருக்கலாம். ஆர்ச் உள்ள விரலுக்குப் பூஜ்யம் என்றா அச்சடிக்க முடியும்? அங்கே வேறு ஓர் எண்ணைப் போட்டாக வேண்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மையத்தில் கேளுங்கள். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

உள்ளங்கைக் கோணத்திலும் இதே சிக்கல். ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு முக்கோணப் புள்ளி, சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று. மூன்றையும் சேர்த்தால் வரும் கோணம் பெரும்பாலோருக்கு 45 டிகிரியை ஒட்டி இருக்கும். கோணம் குறுகினால் பிள்ளை சீக்கிரம் கற்பான் என்று அறிக்கை சொல்லும். விரலை அகட்டி வைத்தால் கோணம் ஏறும், சேர்த்து வைத்தால் இறங்கும். பிள்ளை வளர வளர உள்ளங்கை நீண்டு, கோணம் தானே குறையும். ஆறு வயதில் எடுத்ததையும் பதினாறில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், ஒன்றும் கற்காமலேயே ‘கற்கும் வேகம்’ கூடியிருப்பதாகத் தெரியும்.

கட்டைவிரல் மூளையின் முன்நுனிக்கு, ஆள்காட்டி அதற்குப் பின்னால் உள்ள பகுதிக்கு, நடுவிரல் உச்சிக்கு, மோதிரவிரல் பொட்டுப் பக்கத்துக்கு, சுண்டுவிரல் பிடரிக்கு என்று அறிக்கையில் அழகான படம் இருக்கும். உடற்கூறில் அப்படி ஒரு வழி கிடையாது. ஐந்து விரலின் தொடு உணர்வும் எதிர்ப்பக்க மூளையின் உச்சிப் பகுதியில் ஒரே பட்டையில், பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி வரிசையாக முடிகிறது. சுண்டுவிரலுக்குப் பிடரியில் வேலை இல்லை. பிடரி பார்வைக்கு உரியது.

இடது மூளை ஆள், வலது மூளை ஆள் என்ற பிரிவையும் பார்த்துவிடலாம். 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை அலசினார்கள். ஒரு பக்க மூளையையே கூடுதலாகப் பயன்படுத்தும் மனிதர்கள் என்று ஒரு வகை தென்படவில்லை. கண்ணால் கற்பவன், காதால் கற்பவன் என்று பிரித்துப் பாடம் நடத்தினால் மதிப்பெண் ஏறும் என்பதற்கும் 2008இல் நடந்த விரிவான மறுஆய்வில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. எட்டு வகை அறிவு என்பது அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் ஏழாகத் தொடங்கிய கோட்பாடு. அதில் விரல்ரேகைக்கு இடமே இல்லை. டி.எம்.ஐ.டி.க்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் சொல்லியிருக்கிறது.

அப்படியிருந்தும் ‘என் பையனை அப்படியே சொன்னாங்க’ என்று பெற்றோர் வியப்பது ஏன்? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும் ‘உன் முடிவு’ என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ‘மனசுக்குப் பிடித்தால் ஊன்றிச் செய்வான், பிடிக்காவிட்டால் கவனம் சிதறும்’ என்ற வரி எந்தப் பிள்ளைக்குத்தான் பொருந்தாது? அறிக்கையை வாங்கியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அறிக்கையோடு மாற்றிப் படித்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை அது.

இனி இந்தச் சேவையின் ஆணிவேருக்கு வருவோம். ‘பிறவியா, வளர்ப்பா’ என்ற ஜோடியை 1870களில் விவாதப் பொருளாக்கியவர் இங்கிலாந்து அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன். விரல்ரேகையை முறைப்படி ஆராய்ந்து 1892இல் புத்தகமாகப் போட்டவரும் அவரே. பெருமை ரத்தத்தில் ஓடுகிறது என்று முழுமூச்சாக நம்பியவர். ‘உயர்ந்த’ மரபினரே பெருக வேண்டும் என்ற இனமேம்பாடு என்னும் கொடிய கருத்தையும் உலகில் விட்டுப்போனவர். ரேகையில் அறிவோ குணமோ தெரியாதா என்று அவரை விட ஆசையாகத் தேடியவர் இருக்க முடியாது. மேதைகள், அரசியல் தலைவர்கள், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று எல்லோருடைய ரேகையையும் வாங்கி ஒப்பிட்டார். மேதையின் ரேகைக்கு ஒத்த ரேகை மூளை வளர்ச்சி குன்றியவரிடமும் கிடைத்தது. ரேகையில் குணமோ திறனோ எழுதியில்லை என்று அவரே பதிவு செய்துவிட்டார். இந்தத் தொழிலின் கேள்விக்கு 130 வருடத்துக்கு முன்பே, அதன் மூதாதையிடமிருந்தே பதில் வந்துவிட்டது.

ரேகை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இன்னும் தெளியும். கருவில் விரல் நுனியில் முதலில் சின்னச் சின்ன மெத்தைகள் புடைக்கும். அவை வடியத் தொடங்கும் பத்தாவது வாரத்தை ஒட்டி வரிகள் எழும்பும். பதினேழாவது வாரத்துக்குள் வடிவம் அமைந்துவிடும். மெத்தை மேடாக இருக்கையில் வரி எழும்பினால் சுழி, தாழ்ந்த பிறகு எழும்பினால் ஆர்ச், நடுவில் லூப். எவ்வளவு வரி என்பதில் மரபணுவின் கை பெரியது: ஒரு கரு இரட்டையரின் மொத்த எண்ணிக்கை 0.95 அளவுக்கு (1 என்றால் முழு ஒற்றுமை) ஒத்துப்போகிறது. ஆனால் அதே இரட்டையரின் ரேகைகள் ஒன்றாக இருப்பதில்லை. பனிக்குட நீரின் அழுத்தம், கை கிடந்த நிலை, விரல் வளர்ந்த வேகம் எல்லாம் வரியைத் திருப்பிவிடுகின்றன. இரட்டையர் வரை போகவே வேண்டாம். உங்கள் பிள்ளையின் பத்து விரலிலும் ஓடுவது ஒரே மரபணுத் தொகுதி. பத்து ரேகையும் வேறு வேறு. பிறவியையும் சூழலையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் சாட்சி கிடைக்காது. அந்தச் சாட்சியைத்தான் ‘எல்லாம் பிறவி’ என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

ரேகையும் மூளையும் கருவின் ஒரே அடுக்கிலிருந்து வருகின்றன, அதனால் தொடர்பு உண்டு என்று மையத்தில் விளக்குவார்கள். முதல் பாதி உண்மை. அதே அடுக்கிலிருந்துதான் முடியும் நகமும் பல் எனாமலும் வருகின்றன. அப்பா ஜாடையில் மூக்கும் வரும், ரத்த வகையும் வரும். மூக்கைப் பார்த்து ரத்த வகை சொல்ல முடியுமா? இரண்டும் மரபில் வருகின்றன என்பதற்காக மட்டும் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணித்துவிட முடியாது. இந்த ஒரு பிழைமேல்தான் நாற்பது பக்கமும் நிற்கிறது. ரேகையியல் மருத்துவத்தில் பயன்பட்டது உண்மைதான்: டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் உள்ளங்கை அமைப்பு மாறியிருப்பதை 1936இல் ஹெரால்டு கம்மின்ஸ் காட்டினார். அது ஒரு குரோமோசோம் முழுதாகக் கூடிய நிலை. கணக்கு வருமா, பாட்டு வருமா என்பது அந்த வகைக் கேள்வி இல்லை.

சரி, அறிக்கையில் ‘கணக்கு 7%, இசை 14%’ என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உளவியலின் ஒவ்வொரு தரப்பும் அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கும்?

பிறவிப் பக்கம் சாய்ந்தவர்கள் நடத்தை மரபியலார், அதாவது குணத்திலும் திறனிலும் மரபின் பங்கை ஆராய்பவர்கள். அவர்களிடம் கனமான ஆதாரம் உண்டு. 2015இல் ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தார்கள்: 1 கோடியே 45 லட்சம் ஜோடிகள், 17,804 பண்புகள். மனிதருக்குள் உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு சராசரி 49 சதவீதம். தனித்தனி வீட்டில் வளர்ந்த ஒரு கரு இரட்டையரின் ஐ.க்யூ. கூட 0.7 அளவுக்கு ஒத்துப்போகிறது. மரபைத் துடைத்தெறிய முடியாது. ஆனால் 49 சதவீதம் என்பது ஒரு கூட்டத்துக்குள் மனிதர்கள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு. உங்கள் பிள்ளைக்குள் பாதி மரபு, பாதி வளர்ப்பு என்று அர்த்தமில்லை. கனடா உளவியலாளர் டொனால்டு ஹெப் சொன்ன செவ்வக உவமையை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி: நாற்பதுக்கு அறுபது மனை 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. அதில் நாற்பது அடியால் வந்தது எவ்வளவு, அறுபது அடியால் வந்தது எவ்வளவு என்று எந்த புரோக்கரும் பிரித்துச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. 2018இல் 11 லட்சம் பேரின் மரபணுவையே நேரடியாகப் படித்து, படிப்புக் காலத்தோடு தொடர்புள்ள 1,271 இடங்களைக் கண்டார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணும் படிப்புக் கால வேறுபாட்டில் 11 முதல் 13 சதவீதத்தைத்தான் விளக்கியது. ரத்தத்தில் உள்ள மரபணுவே இவ்வளவுதான் சொல்லும்போது, தோல்மேல் வரிக்கு எங்கிருந்து குரல் வரும்?

வடசென்னைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு எரிக் டர்க்ஹைமர் குழு 2003இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையர்களைப் பார்த்தார்கள். வசதியான வீடுகளில் ஐ.க்யூ. வேறுபாட்டின் பெரும்பகுதி மரபில் நின்றது. வறுமையில் இருந்த வீடுகளிலோ மரபின் பங்கு கிட்டத்தட்ட இல்லாமல் போய், வீட்டுச் சூழல் 60 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே ஆய்வைச் செய்தபோது இந்த அளவு வித்தியாசம் வரவில்லை. பள்ளி, மருத்துவம் எல்லோருக்கும் ஓரளவு சமமாகக் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பிரான்சில் நான்கு முதல் ஆறு வயதுக்குள் தத்துப்போன, சராசரி ஐ.க்யூ. 77 இருந்த பிள்ளைகளை வளரிளம் பருவத்தில் மறுபடி சோதித்தார்கள். எளிய வீட்டுக்குப் போனவர்கள் 8 புள்ளி, வசதியான வீட்டுக்குப் போனவர்கள் 19க்கும் மேல் ஏறியிருந்தார்கள். ‘பிறவித் திறன் இவ்வளவுதான்’ என்ற தாளை ஐந்து வயதில் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய பொய்யாக இருந்திருக்கும்!

எதிர்க்கரையில், எல்லாம் பழக்கத்தால் வருவதே என்னும் நடத்தையியலார். பன்னிரண்டு ஆரோக்கியமான குழந்தைகளைக் கொடுங்கள், யாரை வேண்டுமானாலும் டாக்டராக்குகிறேன், வக்கீலாக்குகிறேன், திருடனுமாக்குகிறேன் என்று 1920களில் அறைகூவினார் ஜான் வாட்சன். ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறேன் என்று அதே மூச்சில் ஒப்புக்கொண்டவரும் அவர்தான். அந்தப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தத் தரப்பு ‘7%’ஐப் பார்த்ததும் கேட்கும் கேள்வி உருப்படியானது: கணக்கு சரியாக வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது, தப்பாக வந்த அன்று என்ன நடந்தது? ஆனால் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1961இல் வெளியான ஒரு கட்டுரையில் விலங்குப் பயிற்சியாளர்களான பிரெலேண்ட் தம்பதி சொன்னது: உண்டியலில் காசு போட ரக்கூன் என்ற விலங்கைப் பழக்கினார்கள். ஒரு காசு வரை போட்டது. இரண்டு காசு கொடுத்ததும், இரையைத் தண்ணீரில் அலசுகிற மாதிரி இரண்டையும் தேய்த்துக்கொண்டே இருந்தது. பரிசு போனாலும் விடவில்லை. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று காசிமேட்டில் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

மனம் எப்படிச் சிந்திக்கிறது, கற்கிறது என்று ஆராயும் அறிதல் தரப்பில் மொழி பற்றிய சண்டை பிரபலம். பேச்சும் பழக்கமே என்ற நடத்தையியலாளர் ஸ்கின்னருக்கு, மொழி கற்கும் அமைப்போடுதான் குழந்தை பிறக்கிறது என்னும் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1959இல் மறுப்பு எழுதினார். பெற்றோருக்கு அதைவிடப் பயன்படுவது ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கருத்து. பிள்ளை தனியாக என்ன செய்கிறது என்பது நேற்றைய வளர்ச்சி. ஒருவர் கைகொடுத்தால் எதுவரை போகிறது என்பதே நாளைய வளர்ச்சி என்பது அவர் பார்வை. அசைவற்ற ரேகையில் இந்த இரண்டாவது அளவுக்கு வழியே கிடையாது. ஃப்ராய்டு வழியினர், உந்துதல் பிறவி, ஆனால் வடிவம் முதல் சில ஆண்டு உறவில் என்பார்கள். கார்ல் ரோஜர்ஸ் போன்ற மனிதநேயத் தரப்பினர், வளரும் உந்துதல் எல்லோருக்கும் உண்டு, நிபந்தனையற்ற ஏற்பு கிடைத்தால் அது தழைக்கும் என்பார்கள். இந்த இரு தரப்புக்கும் சதவீதப் பக்கத்தில் படிக்க எதுவும் இல்லை.

எங்களுக்கு மிகவும் ஏற்புடையது மனநல மருத்துவர்களான தாமஸ், செஸ் தம்பதியின் பார்வை. 1956இல் நியூயார்க்கில் தொடங்கி, குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பிறந்த சில மாதத்திலேயே சுபாவ வேறுபாடு தெரிகிறது: சிலர் இலகு, சிலர் முரண்டு, சிலர் புதியதோடு பழக நேரம் எடுப்பவர்கள். பின்னால் பிரச்சினை வந்ததா என்பதைச் சுபாவம் மட்டும் முடிவு செய்யவில்லை. அந்தச் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்தியதா என்பதே முக்கியமாக இருந்தது. ஆந்தையா மயிலா என்று கேட்பதற்குப் பதில், இந்தப் பிள்ளைக்கு இந்த வீடு, இந்த வகுப்பு தோதாக இருக்கிறதா என்று கேட்கலாம்.

வடசென்னைக்கு இதில் தனிப் பாடம் உண்டு. இங்கே குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்பார்கள். அந்தப் ‘பரம்பரை’ ரத்த உறவு இல்லை, வாத்தியார் வழி. எந்த வாத்தியாரிடம் கை கட்டிக் கற்றாரோ அந்தப் பரம்பரை. வியாசர்பாடியில் கால்பந்து செழித்ததும் மைதானமும், ‘அண்ணா’ என்று கூப்பிடும் தூரத்தில் சொல்லிக்கொடுக்க மூத்தவர்களும் இருந்ததால்தான். அதே மைதானத்தில் ஒரே நாளில் சேர்ந்த நாற்பது பேரில் சிலருக்குப் பந்து சட்டென்று காலில் ஒட்டும் என்பதும் நிஜம். அங்கே கவனிக்க வேண்டியது அடுத்து நடப்பது: ஒட்டுகிறவனுக்குப் பாஸ் கூடுதலாக வரும், மாஸ்டர் அவனிடம் கூடுதல் நேரம் நிற்பார், அவன் இன்னும் வேகமாக ஏறுவான். கடுகளவு பிறவி வித்தியாசம் சூழலால் பெருகி மலையாகிறது. 2001இல் டிக்கன்ஸ், ஃப்ளின் என்ற இரு ஆய்வாளர்கள் கூடைப்பந்தை உதாரணமாக வைத்து விளக்கியது இதைத்தான்.

இதன் மறுபக்கம்தான் இந்தச் சேவையில் எங்களுக்குக் கோபம் வரும் இடம். ‘கணக்கு 7%’ என்ற தாள் வந்த வீட்டில், ‘அவனுக்கு அது வராதாம்மா, விட்டுடு’ என்ற பேச்சு பிள்ளை காதுபடவே நடக்கும். டியூஷன் நிற்கும். தப்பு வந்தால் திருத்த மாட்டார்கள். இரண்டு வருடத்தில் தாளில் இருந்தது நிஜமாகிவிடும். பெற்றோர் ஆசையாகக் கேட்கிறார்கள். பதில் சொல்பவர் கையில் அளவுகோல் இல்லை.

நல்லதும் சொல்ல வேண்டும். ஆலோசகர் மரியாதையாகப் பேசுகிறார். ‘அம்மா, பிள்ளைய அடிக்காதீங்க, ஒப்பிடாதீங்க, விளையாட விடுங்க’ என்பது நல்ல அறிவுரை. அப்பா அம்மா இருவரும் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பிள்ளையைப் பற்றியே பேசுவது பல வீட்டில் அபூர்வம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஸ்கேனர் தேவையில்லை.

அதே பணத்துக்கு, அல்லது பணமே இல்லாமல், என்ன செய்யலாம்? முதலில் கண், காது. கரும்பலகை தெரியாத பிள்ளை கணக்கு வராத பிள்ளையாகத் தெரிவான். ஒரு கண்ணை மூடி, சுவரிலுள்ள தினசரி காலண்டரை நீங்கள் படிக்கும் தூரத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். அடிக்கடி சளி, காதில் சீழ் என்றால் காது மருத்துவரிடம் கேட்புச் சோதனை. ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். சமையலுக்கு அயோடின் உப்புதானா என்று பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.

படிப்பில் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் முறையான அறிவுத்திறன் சோதனை இருக்கிறது. மாலின் சோதனை 6 முதல் 15 வயது வரை. பினே-காமத் 3 வயதிலிருந்து. பிள்ளை எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, கட்டை அடுக்க வைத்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுப்பார்கள். தூக்கம், பசி, பயம் இருந்தால் மதிப்பெண் இறங்கும், அதனால் காலையில் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள். எடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பதிவு எண் கேளுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இரண்டும் அரசு இடங்கள். கற்றல் குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்று உதவும்; ரேகை அறிக்கை எங்கும் செல்லாது. மேற்படிப்புக் குழப்பத்துக்கு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம், கல்வி உதவி எண் 14417 உண்டு.

திறனும் விருப்பமும் தெரிய வீட்டிலேயே ஆறு வாரம் ஒதுக்குங்கள். மூன்று வேலை தேர்ந்தெடுங்கள்: கேரம், படம் வரைதல், கீபோர்டு மாதிரி. ஒவ்வொன்றும் வாரம் இரண்டு முறை, 45 நிமிடம், தெரிந்த ஒருவர் பக்கத்தில். நோட்டில் மூன்று மட்டும் குறியுங்கள்: சொல்லாமல் தானே எடுத்தது எத்தனை முறை, தோற்ற பிறகு எவ்வளவு நேரம் தொடர்ந்தது, போன வாரம் உதவி கேட்டதை இந்த வாரம் தனியாகச் செய்ததா. முதல் இரண்டு வாரக் குறிப்பை நம்ப வேண்டாம். புதுசு என்பதாலேயே எதுவும் பிடிக்கும். நான்காவது வாரத்திலிருந்து வருவதைப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் சிடுசிடுத்தால் குறிப்பு தப்பாகும், ஆளை மாற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி அறிக்கை வாங்கிவிட்டவர்கள் பொதுவான வளர்ப்பு அறிவுரைப் பக்கங்களை வைத்துக்கொண்டு, சதவீதப் பக்கங்களைப் பிள்ளையின் முன் படிக்காமல் இருங்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பத்து விரல் படமும் மையத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆதாரில் பதிவாகும் அதே ரேகைதான் அது. படங்களை அழித்துவிட்டதாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஆதார் செயலியில் பிள்ளையின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். நோட்டீஸில் ‘நூறு சதவீதம் துல்லியம்’ என்று போட்டிருந்தால் அது 2019 நுகர்வோர் சட்டப்படி தவறான விளம்பரம் என்று கேள்வி எழுப்பலாம். தேசிய உதவி எண் 1915. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில், நோட்டீஸ், அறிக்கை மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.